அழுத்திச் சொன்ன சொல்

ஓரகத்திகள் ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே வேனில் ஏறி, ஒரே ஆபீசில் வேலை பார்த்து, மத்தியானம் ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கைவைத்துச் சாப்பிட்டு, சாயங்காலம் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தால் பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? "எத்தனை நாளைக்கு?" என்று எதிர் வீட்டு டெய்லரம்மா வாய்விட்டே கேட்டாள். அவளுக்குக் கருநாக்கோ என்னவோ, கொஞ்சம் தாமதமாகப் பலித்துவிட்டது.

அண்ணன் லிப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எவன் நடுவழியில் மாட்டிக்கொண்டாலும் முதல் போன் அவனுக்குத்தான். தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. மாடியில் அண்ணன் குடும்பம், கீழே தம்பி குடும்பம், கீழேயே மாமியாரும். அவளுக்கு மாடிப்படி ஏற முடியாதே தவிர, மேலே யாராவது தும்மினால் கீழேயிருந்து "ஆயுசு நூறு" என்று குரல் வரும். மூத்தவள் இங்கிலீஷ் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவள், அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. சின்னவளும் பட்டதாரிதான், கணக்கில். கல்யாணமாகி வந்தபோது இங்கிலீஷைக் கண்ணால் படிப்பாள், வாயால் தொடமாட்டாள்.

ஆபீஸ் என்றால் போனில் பேசும் ஆபீஸ். இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றின் வாஷிங் மெஷின்கள் அங்கே எந்த வீட்டில் நின்றுபோனாலும் இங்கே ஒரு பையன் "ஐயோ, மன்னிக்கணும்" என்பான். நூறு பேர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு பெரிய ஹால். அதன் ஓரத்தில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. அந்த அறைதான் மூத்தவளுடையது. பேசி முடித்த பேச்சுகளின் பதிவைத் திரும்பக் கேட்டு, வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போனாரா, மனசுக்குள் திட்டிக்கொண்டு போனாரா என்று மார்க் போடுவது அவள் வேலை. அவளை ஏமாற்றவே முடியாது. ஒருவர் "தேங்க்ஸ்" என்று சொல்லும் விதத்திலேயே, அவர் நாளைக்கு வேறு கம்பெனி மெஷின் வாங்கப் போகிறார் என்று சொல்லிவிடுவாள். அதனால் ஆபீசில் அவளுக்குக் காதக்கா என்று பேர்.

காதக்காவுக்குப் பிடித்த சொல் ஒன்று உண்டு. க்வைட். 'முழுக்க' என்றும் அர்த்தம், 'ஏதோ ஓரளவு' என்றும் அர்த்தம். இப்படி இரண்டு பக்கமும் தலையாட்டும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நாடே எப்படிக் குடித்தனம் நடத்துகிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் நடத்துகிறார்கள். வாடிக்கையாளர் "க்வைட் ஹாப்பி" என்று சொன்னதும் புதுப் பையன்கள் 'மிகவும் திருப்தி' என்று குறித்துவிடுவார்கள். அடுத்த நாள் அதே ஆள் மெஷினைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்வார். பையன்கள் முழிப்பார்கள். காதக்கா அவர்களை அறைக்குள் கூப்பிட்டு அந்தப் பதிவைத் திரும்பப் போடுவாள்.

"எங்க அழுத்துறார், கேளுங்க. நாம என்ன பண்ணுவோம்? 'ரொம்ம்ப நல்லா இருக்கு'ன்னு ரொம்பவைப் போட்டு அழுத்துவோம். அழுத்த அழுத்த நல்லது கூடும். நம்ம பழக்கம் அது. இந்த க்வைட் நேர் எதிர். இதைப் போட்டு அழுத்தினா நல்லது குறைஞ்சுபோகும். க்வைட்டை லேசா விட்டுட்டு குட் மேல பாரத்தை வச்சா பாராட்டு. க்வைட் மேலயே பாரத்தை வச்சு இழுத்தா, 'ஏதோ இருக்கு, பெருசா சொல்லிக்க ஒண்ணுமில்ல'ன்னு அர்த்தம்."

"அமெரிக்காக்காரங்க அப்படி இல்லையேக்கா?" என்று இங்கிலீஷ் படம் பார்க்கும் ஒருவன் கேட்பான்.

"அவங்களுக்கு அது பெரும்பாலும் 'ரொம்ப'தான். நமக்குச் சம்பளம் தர்றது அவங்க இல்ல."

அந்தச் சொல்லின் பூர்வீகத்தையும் சொல்வாள், பக்கத்து வீட்டு வம்பு சொல்வது போல. க்விட், அக்விட், க்வயட், க்வைட் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். லத்தீனில் மூதாதை ஒருத்தன், அமைதியாக இருப்பவன் என்று அவனுக்கு அர்த்தம். பிரெஞ்சுக்காரன் வாயில் விழுந்து 'விடுபட்டவன்' ஆனான், வழக்கோ வில்லங்கமோ இல்லாதவன். அங்கேயிருந்து கடல் தாண்டி இங்கிலீஷுக்கு வந்து, பாக்கியே இல்லாமல், அதாவது முழுக்க முழுக்க, என்று ஆனான். அப்புறம் எல்லோரும் எதற்கெடுத்தாலும் 'முழுக்க முழுக்க' என்று சொல்லிச் சொல்லி, சொல் தேய்ந்து, ஒரு கட்டத்தில் 'ஓரளவு' என்று இறங்கிவிட்டது. "அதிகமாப் புகழ்ந்தா இதான் கதி" என்று முடிப்பாள். பையன்கள் சிரிப்பார்கள். அவள் போடும் இந்த வகுப்புக்குத் தனிச் சம்பளமெல்லாம் கிடையாது, ஆசைக்குச் செய்தாள்.

சின்னவளுக்கு இங்கிலீஷ் வந்த கதையும் இந்த ஆசையால்தான். கல்யாணமான புதிதில் கண்ணாடிக் கடைக்கு ஒரு வெளிநாட்டுக்காரி வந்தாள். கடையில் சின்னவள் மட்டும் இருந்தாள். வந்தவள் ஏதோ கேட்க, இவள் சிரிக்க, அவள் மறுபடி கேட்க, இவள் மறுபடி சிரிக்க, கடைசியில் அவளும் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். புருஷன்காரன் அதைச் சாப்பாட்டு நேரத்தில் நடித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தபோது சின்னவள் தட்டோடு எழுந்து போனாள். மூத்தவள் பின்னாலேயே போய், "நாளையிலேருந்து நீயும் நானும் அடுப்படியில இங்கிலீஷ்தான், தமிழ் பேசினா பாத்திரம் நீதான் தேய்க்கணும்" என்றாள். முதல் மாதம் பாத்திரம் பூராவும் சின்னவள்தான் தேய்த்தாள். பிறகு பாதி. பிறகு மூத்தவளே அவளை ஆபீசுக்கு அழைத்துப் போய், "இவளுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தாள்.

சின்னவளின் நாக்கு எல்லாவற்றுக்கும் வளைந்தது, க்வைட்டுக்குத்தான் வளையவில்லை. ஒரு நாள் சரியாகச் சொல்வாள், மறுநாள் பழையபடி 'ரொம்ம்ப' மாதிரி க்வைட்டைப் பிடித்து இழுத்துவிடுவாள். "சமையல் க்வைஈட் நல்லா இருக்கா? அப்போ நீ என் சமையலைக் குறை சொல்றே" என்று மூத்தவள் காதைத் திருகுவாள். "நாக்கு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுக்கா" என்பாள் சின்னவள். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

மூத்தவளிடம் ஒரு கெட்ட குணம் இருந்தது. திருத்துவாள். இடம் பொருள் ஏவல் பார்க்காமல் திருத்துவாள். கண்ணாடிக் கடையைப் பெரிது பண்ணித் திறந்த அன்று விருந்தாளிகள் நடுவில், சின்னவள் பெருமையாக "ஐ ஹாவ் வொர்க்ட் ஹார்ட்லி ஃபார் திஸ்" என்றாள். பாடுபட்டு உழைத்தேன் என்று நினைத்துத்தான் சொன்னாள். "அடியே, நீ சொன்னதுக்கு அர்த்தம் நீ உழைக்கவே இல்லைன்னு" என்று மூத்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கூட்டமே சிரித்தது. சின்னவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மூத்தவள் சிரிப்பு என்றே எடுத்துக்கொண்டாள். கடல் தாண்டி வரும் குரலில் கோபம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பவள், கூடத்தில் நிற்கிறவளின் சிரிப்பைத் திரும்பப் போட்டுக் கேட்கவில்லை.

கொஞ்ச நாளாக மூத்தவளின் இடது காதில் ஓர் இரைச்சல். ஈ ஒன்று உள்ளே போய் வழி தெரியாமல் சுற்றுவது மாதிரி. டாக்டரிடம் கூடப் போனவள் சின்னவள்தான். ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள், இல்லாவிட்டால் இது வளரும் என்றார் டாக்டர். புருஷனிடம் சொன்னால், வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார் என்பான். "யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள் மூத்தவள். "நான் ஏன்க்கா சொல்றேன்" என்றாள் சின்னவள்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி பயிற்சித் தலைவர் என்று ஒரு புதுப் பதவி போட்டது. ஹெட்செட் கிடையாது. தனி அறை, கரும்பலகை, புதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் வேலை. இத்தனை வருஷம் சும்மா செய்துகொண்டிருந்ததை முறையாகச் செய்யலாம், காதும் பிழைக்கும். இதைவிட வேறென்ன வேண்டும்? மூத்தவள் பேர் கொடுத்தாள். இன்னொரு கிளையிலிருந்து ஒருவர் போட்டிக்கு நின்றார், ஆனால் அவர் பேர் யார் வாயிலும் நிற்கவில்லை.

மேனேஜருக்கு ஆபீசில் சூப்பர் சார் என்று பேர். அவருக்கு உலகத்தில் ஒரே ஓர் அளவுதான், சூப்பர். டீ சூப்பர், மழை சூப்பர், யாராவது வேலையை விட்டுப் போனால் அதுவும் சூப்பர். இங்கிலாந்திலிருந்து தேர்வு செய்யும் அம்மாள் திரையில் வருவார். எல்லோரும் அவரைத் துரைசானி என்பார்கள். எல்லாமே வெளிப்படையாக நடக்கட்டும் என்று சூப்பர் சார் பெரிய அறையில் நாற்காலி போட்டு எல்லோரையும் உட்கார வைத்தார். ஏ.சி. குளிரில் நடுங்கிக்கொண்டு எல்லோரும் திரையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

துரைசானி மூத்தவளிடம் நல்லபடியாகவே பேசினார். பாடம் எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டார். மூத்தவள் சொன்னாள். கடைசியில், "உங்களிடம் படித்தவர் யாராவது இங்கே இருக்கிறாரா? அவரே சொல்லட்டுமே" என்றார். மூத்தவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. திரும்பிப் பார்த்து, தன் கையாலேயே சின்னவளைக் காட்டினாள்.

சின்னவள் எழுந்தாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். ஒரு மூச்சு விட்டாள்.

"ஷி இஸ் க்வைட் குட்" என்றாள்.

க்வைட் மேல் முழுப் பாரமும் விழுந்தது. குரல் அதில் ஒரு முறை இறங்கி, பாதியில் தூக்கி நின்றது. குட் என்ற சொல் அதன் வாலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான்.

"ஆ. ஐ சீ" என்றார் துரைசானி. ஏதோ குறித்துக்கொண்டார்.

சூப்பர் சார் கைதட்டினார். "க்வைட் குட்! சூப்பர்!" என்றார். அறையே கைதட்டியது. பக்கத்தில் இருந்த பையன் மூத்தவளின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அந்த அறையில் நடந்தது என்ன என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருத்தி கடலுக்கு அந்தப் பக்கம், ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள், ஒருத்திக்கு எல்லோரும் கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அதை மூத்தவள் அன்றுதான் நேரில் பார்த்தாள். ஏறியது அவள் மேல்தான்.

வேனில் சின்னவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். "நான் சரியாப் பேசினேனாக்கா? பயத்துல கை காலெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு" என்றாள். மூத்தவள் அவள் முகத்தைப் பார்த்தாள். பயந்த முகம்தான். தமிழ் நாக்கு, பயத்தில் பழைய தடத்துக்கே ஓடியிருக்கும், ரொம்ம்ப நல்லவள் என்று சொல்ல நினைத்துத்தான் அழுத்தியிருப்பாள் என்று மூத்தவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டால் திருத்துவதாக ஆகிவிடும் என்று அன்றைக்குப் பார்த்துத்தான் அவளுக்குத் தோன்றியது.

ஆனால் புருஷனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவன் கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டான். போனை எடுத்து அகராதி பார்த்தான்.

"முற்றிலும், முழுக்கன்னு போட்டிருக்கு. முழுக்க முழுக்க நல்லவன்னு சொல்லியிருக்கா. நீ அதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே."

"கீழ பாருங்க."

"ஓரளவு." அவன் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான். "இதென்ன, முழுக்கவும் இதுதான், ஓரளவும் இதுதானா? லிப்ட் எந்த மாடியில நிக்கும்னே தெரியாத மாதிரி இருக்கு. இவங்க எப்படி உருப்படுறாங்க?"

"உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ஒருத்தன் உங்க வேலையைப் பாத்துட்டு 'பரவாயில்லையே!'ங்கிறான். எப்படி இருக்கும்?"

"நல்லாத்தான் இருக்கும்."

"இன்னொருத்தன் உதட்டைப் பிதுக்கிட்டு 'ம்ம்... பரவால்ல'ங்கிறான்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அவனை உதைக்கணும்."

"அதேதான். அவ ரெண்டாவதைச் சொன்னா. எல்லார் முன்னாடியும், என்னைப் பத்தித் தெரிஞ்சுக்கவே கேட்ட ஆள்கிட்ட."

புரிந்துவிட்டது என்று அவன் முகத்தில் தெரிந்தது. மூத்தவளுக்கு உயிர் வந்தது. அவன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "சின்னப் பொண்ணு, வாய் தவறியிருக்கும். வீட்டுக்குள்ள சண்டை வேண்டாம். பரவால்ல, விடு" என்றான்.

பரவாயில்லைக்கு மூன்றாவது அர்த்தம் ஒன்று உண்டு என்பதை மூத்தவள் மறந்துபோயிருந்தாள். நியாயம் பெண்டாட்டி பக்கம் இருக்கிறது என்று தெரிந்தும் 'விடு' என்று ஒரு புருஷன் சொன்னால், அதற்கு அவனுக்குப் புரியாமலே இருந்திருக்கலாம்.

அடுத்த வாரம் சூப்பர் சார் ஹாலின் நடுவில் நின்று கைதட்டி எல்லோரையும் கூப்பிட்டார். பயிற்சித் தலைவர் பதவி சின்னவளுக்கு. அவள் பேரே கொடுக்கவில்லையே என்று யாரோ முணுமுணுத்தார்கள். சூப்பர் சார் விளக்கினார். துரைசானி அன்றைக்கே போன் பண்ணிக் கேட்டாராம், கடைசியில் பேசிய அந்தப் பெண் யார் என்று. ஒரே ஒரு வரிதான் பேசினாள், ஆனால் அதில் எங்கள் ஊர்க்காரியே பேசுவது போல் அவ்வளவு நுணுக்கம் இருந்தது, இப்படிக் காதுள்ள ஆள்தான் எங்களுக்கு வேண்டும் என்றாராம். அப்புறம் சின்னவளைத் தனியாகத் திரையில் கூப்பிட்டுப் பேசியும் பார்த்தார்களாம். "சூப்பர் இல்ல?" என்றார்.

தனியாகப் பேசினார்களாம். அதைப் பற்றிச் சின்னவள் வேனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அடுப்படியில் சொல்லவில்லை. மூத்தவள் போய், "சந்தோஷம்" என்றாள். சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போட்ட பிச்சைக்கா" என்றாள். கை சூடாகத்தான் இருந்தது. மூத்தவள் கண்ணாடி அறைக்குள் திரும்பிப் போய் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். ஈ சுற்றிக்கொண்டே இருந்தது. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று ஊரில் ஆளுக்கு ஆள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அது வலிக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். வலியைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. பாய்ந்தது கடாதானா, இல்லை கால் தடுக்கி மேலே விழுந்ததா என்று தெரியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அவமானம்.

பேச்சை நிறுத்தினாள். வேனில் முன் சீட்டுக்கு மாறினாள். டப்பாவைத் தனியாகக் கட்டிக்கொண்டாள். வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் மாமியாருக்குத் தெரியாமல் இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியார் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்தாள். இரண்டு பிள்ளைகள், இரண்டு மருமகள்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"ஒருத்தி மேல வந்தா இன்னொருத்திக்கு ஏன் பொறுக்கலை? மூத்தவளே, நீயே சொல்லு" என்றாள் மாமியார்.

"மேல வந்தது பத்தி எனக்கு ஒண்ணுமில்ல, அத்தை. அவ எப்படி வந்தாங்கிறதுதான்."

"என்ன அண்ணி, அவ உங்களை நல்லவங்கன்னுதானே சொன்னா?" என்றான் கண்ணாடிக் கடைக்காரன். "ஆபீஸே கை தட்டுச்சாம். குட்டுன்னா நல்லதுதானே? எனக்கே தெரியும்."

மூத்தவள் விளக்கப் பார்த்தாள். அழுத்தம் என்றாள், க்வைட் என்றாள், குரல் இறங்கி நின்றது என்றாள். சொல்லச் சொல்லத் தன் பேச்சே தனக்குப் பைத்தியக்காரப் பேச்சாகக் கேட்டது. புருஷன் இருக்கும் திசையைப் பார்த்தாள். அன்றைக்குப் புரிந்தவன் அவன் ஒருத்தன்தான். அவன் ஆறிய டீயை எடுத்து உறிஞ்சினான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் மாமியார். "வேலை கிடைக்கலைன்னா கிடைக்கலை. அதுக்கு அவ குரல் கோணலா?"

அதுவரைக்கும் தலையைக் குனிந்திருந்த சின்னவள் மெதுவாக வாயைத் திறந்தாள். "அக்காவைத் திட்டாதீங்க அத்தை. அக்கா மேல தப்பில்ல. கொஞ்ச நாளா அக்காவுக்குக் காதுல ஒரே இரைச்சல். டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். பாவம், சில சமயம் சரியாக் கேக்கறதில்ல."



"காதா?" என்றான் மூத்தவளின் புருஷன். "எனக்குச் சொல்லவே இல்லையே!" இப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது, அதுவும் அவள் மேல். மாமியார் 'த்சு' கொட்டினாள். கொழுந்தன் அண்ணியை இரக்கத்தோடு பார்த்தான். வழக்கு முடிந்துவிட்டது. காது கேட்காதவள் குரலைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்?

 யாரிடமும் சொல்லாதே என்று மூத்தவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அப்போதும் பாருங்கள், இந்தப் பாழும் மனசு, அக்கறையில் சொல்லியிருப்பாளோ என்று ஒரு பக்கம் வக்காலத்து வாங்கியது. வாய் தவறியிருக்கும், பயந்திருக்கும், சின்னப் பெண்.

"சரி" என்றாள். "என் காது சரியில்லைன்னே வச்சுக்குவோம். இப்ப பக்கத்துலதான் உக்காந்திருக்கேன், நல்ல காது இந்தப் பக்கம்தான் இருக்கு. அன்னிக்கு என்ன சொன்னியோ, அதையே இன்னொரு தடவை சொல்லு."

மாட்டிவைக்கக் கேட்டாள் என்று நினைக்காதீர்கள். அவளுக்கு வேண்டியது வேறு. அந்த நாக்கு ஒரே ஒரு தடவை பழையபடி தடுமாறட்டும், க்வைஈட் என்று இழுத்து அழுத்தட்டும். 'அடி மக்கு, இன்னுமா உனக்கு இது வரலை' என்று தலையில் ஒரு குட்டு வைத்து, கட்டிக்கொண்டு, அத்தனையையும் மறந்துவிடலாம். வேலை போனால் போகிறது. காது போனாலும் போகட்டும். அடுப்படியில் தன்னோடு நின்ற அந்தப் பெண் பொய்யில்லை என்று தெரிந்தால் போதும். தப்பாச் சொல்லுடி, தப்பாச் சொல்லு என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

சின்னவள் மாமியாரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பரீட்சைக்கு வந்தவள் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஷி இஸ் க்வைட் குட்" என்றாள்.

க்வைட் லேசாக வந்து நகர்ந்துபோனது. பாரம் முழுவதும் குட்டில் போய் இறங்கியது. குரலில் சந்தோஷம், மரியாதை, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இங்கிலாந்தில் பிறந்தவள்கூட இவ்வளவு சுத்தமாகச் சொல்லமாட்டாள். இவ்வளவு தெரிந்த நாக்கு அன்றைக்குத் தடுமாறியிருக்காது; இப்போது தப்பாகச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள்.

"இதோ! எவ்வளவு நல்லா சொல்றா" என்றான் கொழுந்தன். "அழுத்தம் குட்டு மேலதான். எனக்கே கேட்டுது."

"ஆமா, எனக்கும் கேட்டுது" என்றான் மூத்தவளின் புருஷன், தலை நிமிராமல்.

 சின்னவள் மூத்தவளின் முகத்தைப் பார்த்துவிட்டாள். தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. 

"வந்துடுச்சுடி உனக்கு" என்றாள் மூத்தவள். "எப்பவோ வந்துடுச்சு. நான்தான் கவனிக்கலை."

சொல்லி முடிப்பதற்குள் கண்ணீர் கொட்டிவிட்டது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, பிள்ளையைப் பறிகொடுத்தவள் போல அழுதாள். யாரும் பக்கத்தில் வரவில்லை. சின்னவள் எழுந்து ஓரடி வந்து, அங்கேயே நின்றுவிட்டாள்.

"நல்லா சொன்னாலும் அழறா" என்று மாமியார் அலுத்துக்கொண்டாள். "இவளுக்கு இன்னும் எப்படித்தான் சொல்லணுமாம்?"